530 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரமா?

கேள்வி: சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் ஆகாய வழியில் சுமார் 530 கி.மீ.தான் என்று இணையத்தில் போட்டிருக்கிறது. ஏடிஆர் என்கிற, விசிறி வைத்த சிறிய விமானம் மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் போகும் என்கிறார்கள். அப்படியென்றால் ஒரு மணி நேரம்தானே ஆக வேண்டும்? டிக்கெட்டில் ஒன்றரை மணிக்கு மேல் போடுகிறார்களே? – கோவில்பட்டி வாசகர்

பதில்: நீங்கள் போட்டது பள்ளிக்கூடக் கணக்கு, அதில் தப்பில்லை. ஆனால் அந்த 530 என்பது இரண்டு ஊருக்கும் நடுவே நூல் பிடித்து அளந்த தூரம், விமானம் அப்படிப் போவதில்லை. டிக்கெட்டில் உள்ள நேரமும் பறக்கிற நேரம் மட்டும் இல்லை. சென்னையில் நிற்கும் இடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்குவதில் ஆரம்பித்து, தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் வந்து நிற்கும் வரை எல்லாம் அதில் அடக்கம். மீனம்பாக்கத்தில் காலை நேரத்தில் ஓடுபாதைக்கு முன்னால் நாலைந்து விமானம் வரிசையில் நின்றால் அங்கேயே கால் மணி நேரம் போய்விடும். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் கிழக்கு நோக்கிக் கிளம்பி, கடல் பக்கம் போய், திரும்பித்தான் தெற்கே வர வேண்டும். மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது, இறங்கும் முன் ஓடுபாதைக்கு நேராக வர ஒரு சுற்று வேறு. இதெல்லாம் போக, தாமதம் என்று பெயர் வாங்காமல் இருக்க கம்பெனிகள் கொஞ்சம் நேரத்தைக் கூட்டியே போடுவார்கள். சில நாள் பத்து நிமிடம் முன்னதாகவே இறங்கிவிடுவது அதனால்தான், விமானி விரட்டி ஓட்டினார் என்று நினைக்க வேண்டாம்!

கேள்வி: சரி, அங்கே ஜெட் விமானம் விட்டால் பாதி நேரத்தில் போய்விடலாமா? – அதே வாசகர்

பதில்: முடியாது. முன்பு வாகைக்குளம் ஓடுபாதை வெறும் 1,350 மீட்டர், அதனால் ஏடிஆர் மாதிரி விசிறி வைத்த விமானங்களுக்குத்தான் அது தோதுப்பட்டது. இப்போது 3,115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தாயிற்று. ஏர்பஸ் தாராளமாக இறங்கலாம். ஆனால் இவ்வளவு குறைந்த தூரத்தில் ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிடுவதால், ஜெட்டின் 800 கி.மீ. வேகம் கொஞ்ச நேரத்துக்குத்தான் கைகொடுக்கும். மிச்சமாவது இருபது, இருபத்தைந்து நிமிடம். அதற்காக நீங்கள் ஜெட் பிடிக்க மதுரை விமான நிலையம் வரை போக நினைத்தால், கோவில்பட்டியிலிருந்து வாகைக்குளத்தைவிட அது தூரம், மிச்சம் பிடித்த நேரம் ரோட்டிலேயே கரைந்துவிடும். மதுரைக்கும் ஏடிஆர் போகிறது, டிக்கெட் எடுக்கும்போது விமானத்தின் வகையைப் பாருங்கள்.

கேள்வி: இரண்டே நிமிடத்தில் முடியும் விமானப் பயணம் உண்டாமே, நிஜமா? – திருச்செந்தூர் வாசகி

பதில்: நிஜம்தான். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு 2.7 கி.மீ. 1967 முதல் லோகன்ஏர் ஓட்டுகிறது, எட்டுப் பேர் உட்காரும் குட்டி விமானம். கால அட்டவணையில் 2 நிமிடம், காற்று ஒத்துழைத்த ஒரு நாள் 53 விநாடியில் போயிருக்கிறது.