மாடியைத் தூக்கினால் வளவுத் தூணும் கூடவே வருகிறதா?

செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் வீட்டை லெகோ கட்டைகளில் கட்டுகிறேன், மாடியைக் கழற்றினால் வளவுத் தூண்களும் (நடு முற்றத்தைச் சுற்றி நிற்பவை) பிடுங்கிக்கொண்டு வருகின்றன என்று கேட்டிருந்தீர்கள். சுவர் உச்சி முழுக்கக் கட்டைகளைக் கோக்கும் குமிழ் இருந்தால் அப்படித்தான் பிடிக்கும். உச்சியில் குமிழ் இல்லாத வழவழப்பான டைல் பதித்து மூலைக்கு ஒரு குமிழ் மட்டும் விடுங்கள், தூண் தலையிலும் வட்ட டைல் வையுங்கள், மாடி அதன்மேல் சும்மா உட்கார்ந்தால் போதும்.

அப்புறம், 32-க்கு 32 குமிழ் உள்ள அடிப்பலகை ஒன்று பத்தாது. அது 25.6 செ.மீ. தான், நம்ம ஊர்ப் பெரிய வீடு முன்தெருவில் தொடங்கி முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று பின்தெரு வரை போகும், அந்த நீளம்தான் அதற்கு அழகே. இரண்டு பலகையை நீளவாக்கில் சேருங்கள்.

ஆத்தங்குடிக் கல்லுக்கு, அதாவது தரையில் பதிக்கும் பூவேலைக் கல்லுக்கு, ஸ்டிக்கர் வேண்டாம். கால்வட்ட டைல் நான்கை வளைவு உள்பக்கம் பார்க்க வைத்தால், நடுவில் அடித்தட்டின் நிறத்திலேயே ஒரு நட்சத்திரம் விழும்.