ஏஜென்ட் சொன்ன சொலிசிட்டரா, மாமா சொன்னவரா?

கேள்வி: நானும் கணவரும் பன்னிரண்டு வருடமாக லண்டனில் வாடகை வீட்டில் இருக்கிறோம். இப்போது ஹேய்ஸில் 480,000 பவுண்டுக்கு ஒரு டெரஸ் வீடு பேசி, விற்பவர்களும் சம்மதித்துவிட்டார்கள். பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்டியிருக்கிறார்கள். எஸ்டேட் ஏஜென்ட் தங்களுடைய சொலிசிட்டரை (வீடு வாங்கும் சட்ட வேலையைப் பார்க்கும் வழக்கறிஞரை) எடுத்தால் வேலை விரைவாக முடியும் என்கிறார். கட்டணம் 695 பவுண்டு, அலுவலகம் வேறு ஊரில். எங்கள் ஹை ஸ்ட்ரீட்டில் இருக்கும் நிறுவனம் 1,350 கேட்கிறது. கணவரின் மாமாவோ, தனக்குத் தெரிந்த தமிழ் சொலிசிட்டர் இருக்கும்போது வேறு இடத்துக்கு ஏன் போகிறீர்கள் என்று கோபிக்கிறார். முற்பணத்தில் பாதி நான் கட்டிய சீட்டு, மீதி அண்ணா தருகிறார். இது எங்கள் முதல் வீடு (ஊரில், யாழ்ப்பாணத்தில், எனக்குச் சீதனமாக எழுதிய வீட்டைத் தவிர). பக்கத்தில் இருப்பவரை எடுப்பதுதான் நல்லதா?
— ஹேய்ஸ் வாசகி

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

முதலில் ஏஜென்ட் விஷயத்தை முடித்துவிடுவோம். அவர் ஒரு சொலிசிட்டரைச் சிபாரிசு செய்யலாம், கட்டாயப்படுத்த முடியாது. அவருடைய ஆளை எடுக்காவிட்டால் வீடு கைநழுவிப் போகும் என்ற தொனியில் பேசினால் அது வெறும் வெருட்டல். இத்தகைய சிபாரிசுகளுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கமிஷன் இருக்கும். அப்படி இருந்தால் ஏஜென்டும் சொலிசிட்டரும் அதை உங்களிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எனவே கூச்சப்படாமல் கேளுங்கள்: "இதில் உங்களுக்கு எவ்வளவு?" கமிஷன் வாங்குவது குற்றமல்ல. ஆனால் ஏஜென்டுக்குச் சம்பளம் கொடுப்பவர் வீட்டை விற்பவர். வாங்குபவரின் ஆவணத்தைப் பார்க்கப்போகும் ஆளையும் அவரே தேர்ந்து தருவது எனக்கு உவப்பாக இல்லை.

அடுத்து, பக்கத்தில் இருப்பது. இங்கிலாந்து, வேல்ஸுக்குள் எந்த ஊரில் உள்ள சொலிசிட்டரும் உங்கள் வீட்டை எழுதலாம். காணிப் பதிவேடு லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் இணையவழி கிடைக்கிறது; வீட்டைப் பற்றிய கவுன்சில் (உள்ளூராட்சி மன்ற) தேடல், தண்ணீர், வடிகால், சுற்றுச்சூழல் தேடல்கள் எல்லாம் கணினியிலேயே எடுக்கிறார்கள். ஸ்கொட்லாந்திலோ வட அயர்லாந்திலோ வாங்கினால் மட்டும் சட்டமே வேறு, அங்குள்ளவர்தான் வேண்டும். ஆகவே சட்டத்துக்கு அருகாமை தேவையில்லை. அருகாமையின் பயன் வேறு. பாஸ்போர்ட்டைக் கையில் கொண்டுபோய்க் காட்டலாம். விளங்காத தாளை மேசையில் விரித்து "இது என்ன?" என்று கேட்கலாம். அந்தப் பகுதியில் நூறு வீடு எழுதியவருக்கு உங்கள் கவுன்சில் எவ்வளவு மெதுவாகப் பதில் தரும், எந்தத் தெருவில் என்ன வில்லங்கம் என்பதும் தெரிந்திருக்கும்.

ஆனால் ஹை ஸ்ட்ரீட்டில் பெயர்ப்பலகை தொங்குவதால் வேலையும் அங்கேதான் நடக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். சில நிறுவனங்கள் வீட்டு வேலையை வேறு ஊரிலுள்ள கிளைக்கு அனுப்பிவிடும். அதனால் நான் பார்ப்பது தூரத்தை அல்ல, உங்கள் கோப்பைத் திறந்து படிக்கப்போகும் ஆளை. மூன்று இடத்துக்கும் ஒரு சாதாரண வேலைநாள் முற்பகலில் தொலைபேசி எடுங்கள். விலை சொல்பவரிடம் பேசி முடித்ததும், "என் கோப்பைக் கையாளப்போகிறவரோடு இரண்டு நிமிடம் பேச முடியுமா?" என்று கேளுங்கள். அவர் பெயர் என்ன, சொலிசிட்டரா, வீட்டுக் கைமாற்றச் சட்ட வேலைக்கு லைசென்ஸ் பெற்ற கன்வேயன்சரா, அல்லது இவர்களின் மேற்பார்வையில் வேலை செய்யும் உதவியாளரா? அவர் லீவில் போனால் யார் பார்ப்பார்? நேரடி எண் உண்டா? "எங்கள் குழு பார்த்துக்கொள்ளும்" என்பதைத் தாண்டிப் பதில் வரவில்லை என்றால், பணம் கட்டிய பிறகும் வரப்போவதில்லை. உதவியாளர் பார்ப்பதில் தவறில்லை, கெட்டிக்கார உதவியாளர்கள் நிறைய இருக்கிறார்கள்; பெயரில்லாத ஆள் பார்ப்பதுதான் தொல்லை. வாரம் ஒரு புதுக் குரல், ஒவ்வொரு குரலுக்கும் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டிவரும். இங்கே ஒப்பந்தம் பரிமாறும் நாள்வரை இரு தரப்பும் கைவிரிக்கலாம், விற்பவர் கூடுதல் விலை தருகிறவரிடம் சாயலாம். மின்னஞ்சலுக்குப் பத்து நாள் பதில் போடாத அலுவலகத்தால் வீடே போனவர்கள் உண்டு.

695, 1,350 என்ற இரண்டு எண்களையும் அப்படியே ஒப்பிட வேண்டாம். குறைந்த கட்டணத்தின் வால் நீளமாக இருக்கும்: வங்கிக்காகவும் வேலை செய்வதற்கு ஒரு தொகை, நன்கொடை முற்பணத்தைச் சரிபார்க்க ஒரு தொகை, முத்திரை வரிப் படிவத்துக்கு ஒன்று, அடையாளச் சோதனைக்கு ஒன்று, பணம் அனுப்ப ஒன்று, எல்லாவற்றுக்கும் மேல் வாட் வரி. சொலிசிட்டர் நிறுவனங்கள் வீட்டு வேலைக்கான கட்டண விவரத்தை இணையதளத்தில் போட வேண்டும் என்பது 2018 டிசம்பர் முதல் விதி. நீங்களோ அதற்கும் மேலே போய், "எங்களுக்கு மோட்கேஜ் உண்டு, அண்ணா தரும் பணம் உண்டு, இது ஃப்ரீஹோல்ட் (நிலமும் சேர்ந்து சொந்தமாகும்) வீடு, எல்லாம் சேர்த்து எழுத்தில் தாருங்கள்" என்று கேளுங்கள். தேடல் கட்டணம், பதிவுக் கட்டணம் போன்றவை யாரிடம் போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான். வாங்குவது தடைப்பட்டால் எவ்வளவு அறவிடுவார்கள் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள். இன்னொன்று: கடன் தரும் வங்கியின் பட்டியலில் அந்த நிறுவனம் இருக்கிறதா என்று முதலிலேயே உறுதிசெய்யுங்கள். இல்லையென்றால் வங்கி தனக்கென இன்னொருவரை வைக்கும், அந்தச் செலவு உங்கள் தலையில் விழும்.

இனி மாமா. தமிழில் பேசக்கூடிய சொலிசிட்டர் என்பது சின்ன விஷயமல்ல. ஒப்பந்தத்துக்கு முன் வரும் அறிக்கையை நம் மொழியில் கேட்டு விளங்கிக் கொள்வது பெரிய நிம்மதி. உங்கள் விஷயத்தில் சீட்டு என்றால் என்ன என்று அவருக்கு விளக்கத் தேவையில்லை என்பதும் ஒரு அனுகூலம். ஆனால் நம் சமூகத்தில் பெயர்பெற்ற சொலிசிட்டர்கள் பலர் குடிவரவு வழக்குகளில் பெயர்பெற்றவர்கள். அகதி வழக்கை வென்றவர் வீடு எழுதுவதிலும் கெட்டிக்காரராக இருப்பார் என்று சொல்ல முடியாது. மாதம் எத்தனை வீடு எழுதுகிறார் என்று கேளுங்கள். சொலிசிட்டர்ஸ் ரெகுலேஷன் அத்தாரிட்டியின் பதிவேட்டில் அவரையும் நிறுவனத்தையும் இணையத்தில் தேடிப் பாருங்கள். கன்வேயன்சர் என்றால் கவுன்சில் ஃபார் லைசென்ஸ்ட் கன்வேயன்சர்ஸ் பதிவேட்டில். சொலிசிட்டர்களின் சங்கமான லோ சொசைட்டியின் கன்வேயன்சிங் தரச் சான்று இருந்தால் நல்லது.

விற்பவரும் நம்மவராக இருந்து, "இரண்டு பக்கத்தையும் அவரே பார்ப்பார், செலவு குறைவு" என்று மாமா சொன்னால் மறுத்துவிடுங்கள். ஊரில் இரு தரப்பும் ஒன்றாக நொத்தாரிசிடம் போய் உறுதி எழுதிக்கொண்டு வந்த பழக்கம் அது. இங்கே உங்கள் சொலிசிட்டரின் வேலையே விற்பவர் சொல்வதைச் சந்தேகப்படுவது.

அந்தச் சந்தேகம் உங்களுக்கு முதலில் தேவைப்படப்போவது பின்பக்கச் சமையலறையில். திட்ட அனுமதி எடுத்தார்களா, அல்லது அனுமதி தேவையில்லாத அளவா, கட்டட ஒழுங்குவிதிப்படி முடிவுச் சான்றிதழ் இருக்கிறதா? இல்லையென்றால் விற்பவர் தரப்பு ஒரு இழப்பீட்டுக் காப்புறுதியை வாங்கித் தருகிறோம் என்று வரும். கவுன்சில் பின்னர் நடவடிக்கை எடுத்தால் வரும் நட்டத்துக்கு அது பணம் தரும். சுவர் ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறதா என்பதற்கு அது உத்தரவாதமல்ல. அதற்குக் கட்டடத்தைப் பரிசோதிக்கும் சர்வேயர் வேண்டும், சொலிசிட்டர் வீட்டை வந்து பார்ப்பதே இல்லை. இதில் ஒரு கண்ணி உண்டு. பதற்றத்தில் நீங்களே கவுன்சிலுக்குத் தொலைபேசி எடுத்து "இந்த வீட்டுக்கு அனுமதி இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டால், பொதுவாக அந்தக் காப்புறுதியை எடுக்க முடியாமல் போய்விடும். சொலிசிட்டரிடம் கேட்காமல் கவுன்சிலை அழைக்காதீர்கள். இந்தச் சமையலறையைப் பற்றித் தொலைபேசியிலேயே சொல்லிப் பாருங்கள்; மூவரில் யார் உடனே எதிர்க்கேள்வி கேட்கிறாரோ அவருக்கு வேலை தெரியும்.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயங்கள்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தன.

ஒன்று, சீட்டு. பணமோசடித் தடுப்பு விதிகளின்படி முற்பணம் எங்கிருந்து வந்தது என்று சொலிசிட்டர் கேட்டே ஆக வேண்டும். "சீட்டு எடுத்தேன்" என்ற பதில் போதாது. மாதாமாதம் உங்கள் கணக்கிலிருந்து போன தொகைகள், எடுத்தபோது வந்த தொகை, சீட்டு நடத்தியவரின் எழுத்து ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். ரொக்கமாகக் கட்டி ரொக்கமாக எடுத்திருந்தால் சில நிறுவனங்கள் கோப்பையே திருப்பித் தந்துவிடும். அதைக் கடைசி வாரத்தில் அறிவதைவிட முதல் தொலைபேசியிலேயே அறிவது நல்லது. அண்ணா தருவது நன்கொடை, திருப்பிக் கேட்கமாட்டார், வீட்டில் பங்கும் இல்லை என்று அவர் எழுத்தில் தர வேண்டும். அவருடைய அடையாளமும் வங்கிக் கணக்கும்கூடக் கேட்பார்கள். உண்மையில் அது கடன் என்றால் நன்கொடை என்று கையெழுத்து வைக்க வேண்டாம், அவரையும் வைக்க விட வேண்டாம். வங்கியிடம் பொய் சொன்னதாகிவிடும்.

இரண்டாவது, அடைப்புக்குறிக்குள் நீங்கள் ஒதுக்கிவிட்ட சீதன வீடு. முதல் வீடு வாங்குபவருக்கான முத்திரை வரிச் சலுகை, உலகில் எங்குமே ஒருபோதும் வீடு சொந்தமாக இருந்திராதவருக்குத்தான். பரம்பரையாக வந்தாலும், ஊரில் பூட்டிக் கிடந்தாலும் அது வீடுதான். கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்கினால் இருவருக்கும் அந்தத் தகுதி இருக்க வேண்டும். 2025 ஏப்ரல் முதலான விகிதப்படி 480,000 பவுண்டு வீட்டுக்குச் சலுகையோடு வரி 9,000. சலுகை இல்லாமல் 14,000. அதோடு நிற்காது. ஊர் வீட்டில் உங்கள் உரிமையின் இன்றைய பெறுமதி 40,000 பவுண்டோ அதற்கு மேலோ என்றால், இது இரண்டாவது வீடாகக் கணக்கிடப்பட்டு முழு விலைக்கும் 5 சதவீதம் மேலதிகமாக, அதாவது 24,000 சேரும். மொத்தம் 38,000. யாழ்ப்பாணத்தில் காணி விலை இப்போது இருக்கும் நிலையில் அந்த எல்லையைத் தாண்டுவது அதிசயமல்ல. கணவர் பெயரில் மட்டும் வாங்கினால் தப்பலாம் என்று யாராவது சொல்வார்கள். சேர்ந்து வாழும் தம்பதியை இந்த மேலதிக வரிக்கு ஒன்றாகவே பார்க்கிறார்கள்.

ஆகவே சீதன வீட்டு உறுதியின் (பத்திரத்தின்) பிரதியை ஊரிலிருந்து உடனே எடுப்பியுங்கள். பெற்றோருக்குச் சீவிய உரித்து (வாழும்வரை அனுபவிக்கும் உரிமை) வைத்து எழுதியதா என்பதும் முக்கியம், அது கணக்கை மாற்றக்கூடும். உள்ளூர் மதிப்பீட்டாளரிடம் பெறுமதிக் கடிதம் ஒன்றும் வாங்குங்கள். வரி ஆலோசனை தங்கள் வேலையல்ல என்று பல கன்வேயன்சிங் நிறுவனங்கள் ஒப்பந்தக் கடிதத்திலேயே எழுதிவிடும். அப்படியானால் தனியாக ஒரு வரி ஆலோசகருக்குச் சில நூறு பவுண்டு கொடுப்பது வீண்செலவல்ல. வீடு கைமாறிய 14 நாளுக்குள் வரி கட்ட வேண்டும், படிவத்தில் உள்ளதற்குப் பொறுப்பு நீங்கள்தான்.

என் தெரிவைக் கேட்டால்: மாமாவின் ஆள் வாராவாரம் வீடு எழுதுகிறவர், வங்கியின் பட்டியலிலும் இருக்கிறார் என்றால் அவர். இல்லையென்றால், பெயர் சொல்லி ஒருவரைத் தரும் பட்சத்தில் ஹை ஸ்ட்ரீட் நிறுவனம். அவர்களோடு பிணக்கு வந்தால் முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் முறையிடுங்கள். எட்டு வாரத்தில் தீராவிட்டால் சட்டச் சேவை முறைப்பாடுகளை விசாரிக்கும் லீகல் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் இல்லை.

யாரை எடுத்தாலும், முதல் சந்திப்பிலேயே அவர்களுடைய வங்கிக் கணக்கு விவரத்தைத் தாளில் வாங்கிவிடுங்கள். பணம் அனுப்பும் நாளில் "எங்கள் கணக்கு மாறிவிட்டது" என்று சொலிசிட்டர் பெயரிலேயே மின்னஞ்சல் வருவது இங்கே நடக்கும் பெரிய திருட்டு. அப்படி வந்தால் அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை அழைக்காதீர்கள். தாளில் உள்ள எண்ணுக்கு எடுத்து, கணக்கு இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்துச் சரிபார்த்த பிறகே அனுப்புங்கள்.