மதுரையில் சைக்கிளில் போய்ப் பறவை பார்க்க இடம் உண்டா, இல்லை கடலோரம் கோடியக்கரைக்குத்தான் போகணுமா?

உண்டு. நிறையவே உண்டு. "மதுரையில காக்காவை விட்டா என்ன இருக்கு?" என்று என்னிடமே எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக மனசு வரவில்லை.

நீங்கள் வேலைக்குப் போகிறவர், ஞாயிறு ஒரு நாள்தான் ஓய்வு என்று வைத்துக்கொள்கிறேன். கோடியக்கரையை நான் குறை சொல்லவில்லை. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2002லேயே ஏறிய இடம், அங்கே பூநாரைக் கூட்டத்தைப் பார்ப்பது தனிச் சுகம். ஆனால் அதற்கு லீவு போட வேண்டும். மதுரை ஓரத்தில் இருக்கிற சாமநத்தம் கண்மாய்க்கு வில்லாபுரத்தில் இருந்து சிந்தாமணி ரோட்டைப் பிடித்து, ரிங் ரோட்டைத் தாண்டி மிதித்தால் வெயில் ஏறுமுன் போய்விடலாம்.

போன ஐப்பசியில், தீபாவளி கழிந்த ஞாயிறு அன்று போனேன். ராத்திரி மழை பெய்து கரை முழுக்கச் சேறு. கரையோரச் சீமைக்கருவேலம் முள் பின் சக்கரத்தில் ஏறிவிட்டது. பம்பும் இல்லை, ஒட்டுப்போடச் சாமானும் இல்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். ஆடு ஓட்டி வந்த ஒரு அம்மா, "என்ன தம்பி, முள்ளு ஏறிருச்சா? மடைகிட்ட உக்காருங்க, எம்மகன் வண்டில வருவான், டவுன்ல எறக்கிவிடச் சொல்றேன்" என்றார். அப்படித்தான் ரெண்டு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார நேர்ந்தது.

நத்தை குத்தி நாரை ஒன்று இருபதடி தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. அதன் அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும், குஞ்சுக்கு அந்தச் சந்து இருக்காது, வளர வளரத்தான் வரும். தலையைத் தண்ணீருக்குள் விட்டு ஏதோ குடைந்தது. நிமிர்ந்தபோது அலகு நுனியில் சதை மட்டும் தொங்கியது. ஓடு உடையவே இல்லை. அது போன பிறகு இறங்கிப் பார்த்தேன், சேற்றில் முழு முழு நத்தை ஓடாகக் கிடந்தது.

அதற்குப் பிறகுதான் அந்த வாத்துகள் வந்தன. முப்பது நாற்பது இருக்கும். "சிறகி வந்துருச்சு, இனி மழை நிக்காது" என்றார் அந்த அம்மா. இமயமலைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து வரும் நீலச்சிறகி. ஐப்பசியில் ஆணும் பெண்ணும் ஒரே பழுப்பாகத்தான் இருக்கும், ஆணுக்கு அந்த வெள்ளைப் புருவம் தெளிய மாசக்கணக்கில் ஆகும். ஆனால் எழும்பிப் பறந்தபோது ஆணின் இறக்கை முன்பக்கத்தில் அந்தச் சாம்பல் நீலம் பளிச்சென்று தெரிந்தது.

"படம் இருக்கா?" என்று கேட்பீர்கள். இல்லை. என்னிடம் இருப்பது பழைய பைனாகுலர் ஒன்றுதான். இதே பறவையைச் சொன்னதற்கு, "படம் இல்லைன்னா கணக்குல சேராது" என்று ஒருவர் எல்லார் முன்னாலும் சொன்னார். நான் பறவையியல் படித்தவன் இல்லை, துணிக்கடையில் கணக்கு எழுதுகிறவன். ஆனால் பதினோரு வருஷமாகப் பார்த்த பறவையை நோட்டில் தேதி போட்டு எழுதி வருகிறேன். லட்ச ரூபாய் லென்ஸ் இருந்தால்தான் கண்ணுக்கு மதிப்பா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அடுக்குமாடியில் சைக்கிளை உள்ளே நிறுத்தக் கூடாதாம், பார்வைக்கு நன்றாக இல்லையாம். வீட்டுக்கு ரெண்டு கார் நிறுத்த இடம் உண்டு. மாதப் பராமரிப்புக் காசு நானும் அதே அளவுதான் கட்டுகிறேன், என் சைக்கிள் மட்டும் மழையில் நனைந்து சங்கிலி துருப்பிடிக்கிறது. சங்கக் கூட்டத்தில் மூன்று முறை கேட்டும் பதில் இல்லை.

சைக்கிளால் என்ன லாபம் என்றால், சத்தம் கிடையாது. பைக்கில் போனால் நீங்கள் இறங்குமுன் நாமக்கோழி என்கிற நீர்ப்பறவை நாணலுக்குள் போய்விடும். ஆள்காட்டி மட்டும் எதில் போனாலும் கத்தும்.

கால் பழகிய பிறகு மேலூர் தாண்டி, சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டிக்குப் போங்கள். வேட்டங்குடி சரணாலயம் அங்கேதான். கூடு கட்ட வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று ஊரே தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அன்றைக்குச் சாமநத்தத்தில் மிச்ச வெடியைக் கண்மாய்க் கரையில் வைத்து வெடித்தார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் சிறகிக் கூட்டம் எழுந்து எழுந்து அமர்ந்ததைப் பார்க்க வயிறு எரிந்தது.

ஐப்பசியில் இருந்து மாசி வரை நல்ல பருவம். விடியுமுன் கிளம்புங்கள். பம்பும் பஞ்சர் ஒட்டும் சாமானும் இல்லாமல் கரையில் ஏறாதீர்கள், அங்கே கடை கிடையாது.