வத்திக்குச்சிக்கு ஜோடி கிடையாது

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

கோவில்பட்டிப் பக்கமிருந்து எழுதுகிறேன். என் மகன் ஆறாவது படிக்கிறான். ஆங்கிலப் பரீட்சையில் 'மேட்ச் தி ஃபாலோயிங்' எழுதிவிட்டு வந்தவன், "தீப்பெட்டியும் மேட்ச், கிரிக்கெட்டும் மேட்ச், துணிக்கடையில மேட்சிங் பிளவுஸ். எல்லாம் ஒண்ணாம்மா?" என்று கேட்டான். குச்சியும் பெட்டியும் ஜோடி சேர்ந்தால்தானே தீ வரும், அதனால்தான் மேட்ச் என்று சொல்லிவைத்தேன். என் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கித்தான் எங்களைப் படிக்கவைத்தாள் (சாயங்காலமானால் தெருவுக்கே வரன் பார்த்துச் சொல்வாள், அது தனிக்கதை). அவளிடம் கேட்டால் சிரிக்கிறாள். நான் சொன்னது சரியா?

- ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

தப்புதான். ஆனால் நானும் உங்களை மாதிரியே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன், அதனால் பையனிடம் அசடு வழிந்ததாக வருத்தப்பட வேண்டாம்.

எழுத்தும் ஒலியும் ஒன்றாக இருக்கிறதே தவிர, இவை இரண்டு வேறு சொற்கள். ஜோடி, போட்டி, மேட்சிங் பிளவுஸ் எல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைகள். பழைய ஆங்கிலத்தில் துணை, இணை, கணவன் அல்லது மனைவி என்று பொருள்பட்ட ஒரு சொல்லிலிருந்து வந்தவை. சமமானவன் என்பதிலிருந்து எதிர்த்து நிற்கத் தகுந்தவன், அதிலிருந்து அவனோடு போடும் போட்டி என்று பொருள் நகர்ந்திருக்கிறது. நமக்கு இது ஒன்றும் புதிதில்லை. தமிழில் 'பொரு' என்றால் போரிடு, ஒப்பாகு என்று இரண்டு பொருளும் உண்டு. பொருநன் என்றால் வீரன், பொருவில் என்றால் இணையில்லாத. (பொருநை ஆற்றுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள், நான் ஆற்றில் இறங்கமாட்டேன்.)

தீக்குச்சி மேட்ச் வேறு வீடு. அது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, பொருள் திரி. வெறும் விளக்குத் திரிதான். அதற்கும் பின்னால் கிரேக்கத்தில் 'மிக்ஸா' என்ற சொல் இருப்பதாகப் பெரும்பாலும் சொல்கிறார்கள், அதன் பொருளைக் கேட்டால் உங்கள் மகன் குதிப்பான்: மூக்குச்சளி! விளக்கில் திரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வாய், மூக்கு ஒழுகுவது மாதிரி இருந்ததாம் அவர்களுக்கு. நாம் குத்துவிளக்கில் அந்த இடத்தை முகம் என்கிறோம், அஞ்சு முகம் ஏற்று என்கிறோம். மூக்கைக் கெண்டிக்குக் கொடுத்துவிட்டோம்.

இந்தத் திரி அப்புறம் துப்பாக்கிக்குப் போனது. வெடியுப்பில் ஊறவைத்த கயிறு கனன்றுகொண்டே இருக்கும், விசையை இழுத்தால் அது இறங்கி மருந்தைத் தொடும், சுடும். 'மேட்ச்லாக்' என்ற பெயர் அதனால்தான். பாளையக்காரர் படைகளிலும் இந்தத் திரித்துப்பாக்கி இருந்தது. 1799இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறு உங்களுக்குப் பக்கம்தானே, அன்றைக்கு அந்த வட்டாரத்தில் மேட்ச் என்று ஒரு வெள்ளைக்காரன் சொல்லியிருந்தால் இந்தக் கயிற்றைத்தான் சொல்லியிருப்பான், அல்லது கந்தகத்தில் முக்கிய குச்சியை. அந்தக் குச்சி தானாகப் பற்றாது, ஏற்கனவே இருக்கும் கங்கிலிருந்து தீயை எடுக்க மட்டும்தான்.

உரசினால் பற்றும் குச்சியை இங்கிலாந்தில் ஸ்டாக்டன் என்ற ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த ஜான் வாக்கர் 1827இல் விற்க ஆரம்பித்தார். அவர் வைத்த பெயர் 'உரசல் விளக்கு' என்கிற மாதிரி ஒன்று, யாருக்கும் அது வாயில் நிற்கவில்லை, பழைய மேட்ச் என்ற பெயரே வந்து ஒட்டிக்கொண்டது. அவருடைய குச்சியை மடித்த உப்புத்தாளுக்கு நடுவில் வைத்து இழுக்க வேண்டும். உங்கள் ஜோடிக் கணக்கு உடைவது இங்கேதான். குச்சியில் ஒரு மருந்து, பெட்டிப் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ், இரண்டும் சேர்ந்தால்தான் தீ என்ற ஏற்பாடு ஸ்வீடனில் 1844இல்தான் வந்தது. அதற்குச் சில நூறு வருஷம் முன்பே சொல் வந்தாயிற்று. வேதியியலில் நீங்கள் சொன்னது சரி, சொல் வரலாற்றில்தான் கோளாறு.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது என்னவென்றால், இங்கிலாந்துக்காரன் செய்ததை நாமும் செய்திருக்கிறோம். நீங்கள் கடையில் போய் என்ன கேட்பீர்கள்? வத்திப்பெட்டி. வத்தி என்பது வர்த்தி, வடமொழியில் உருட்டித் திரித்த திரிக்குப் பெயர். ஊதுவத்தி, மெழுகுவத்தி எல்லாம் அதன் உடன்பிறப்புகள். நம் ஆட்களுக்குப் பிரெஞ்சும் தெரியாது, கிரேக்கமும் தெரியாது, ஆனாலும் நெருப்புப் பிடித்த குச்சியைப் பார்த்ததும் விளக்குத் திரியின் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். கூடவே இரண்டு வீட்டுக்கு நடுவில் 'வத்தி வைக்கிற' வித்தையையும் சேர்த்துக்கொண்டோம், அது ஆங்கிலத்தில் கிடையாது.

பையனுக்கு இன்னும் ஒரு வேலை கொடுங்கள். 'திரி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விளக்குத் திரி, நூல் திரிப்பது, பால் திரிந்துபோவது, வெயிலில் ஊர்சுற்றித் திரிவது, உங்கள் ஆச்சி பயறு உடைத்த திரிகை, எல்லாம் முறுக்குவது, சுற்றுவது, மாறுவது என்று ஒரே வேரில் போய் நிற்கும். ஆனால் திரிசூலத்தில் உள்ள திரியை மட்டும் இந்தக் கூட்டத்தில் சேர்க்கக் கூடாது, அது வடமொழியில் மூன்று. ஆளைப் பார்த்து இன்னார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள், எனக்கு வரும் சொல்லாராய்ச்சிக் கடிதங்களில் பாதி அந்த ரகம்தான். உங்கள் கடிதம் கேள்வியாக வந்தது, அதுவரைக்கும் சந்தோஷம்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். ஆங்கில அகராதியில் 'மேட்ச்மேக்கர்' என்ற சொல்லுக்கு இரண்டு தனித்தனிப் பதிவுகள் உண்டு. ஒன்று வரன் பார்த்துக் கல்யாணம் முடித்துவைப்பவர், இன்னொன்று தீக்குச்சி செய்பவர். பகலில் ஒன்றும் சாயங்காலம் இன்னொன்றுமாக இரண்டையும் பார்த்த ஆளை நான் கேள்விப்படுவது இதுதான் முதல் தடவை. பேரனிடம் காட்டி அவளைப் பொருத்தச் சொல்லுங்கள், எந்தப் பக்கம் கோடு போட்டாலும் முழு மார்க் கொடுக்கலாம்.