வாசகர் கேள்வி பதில்: வகுப்பறைக்குள் வரும் விளையாட்டு அட்டைகள்

கேள்வி: ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கும் அறிவியலும் எடுக்கிறேன். ஐப்பசி மழையில் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்ப முடியாத நாட்களில் சீட்டுகளைக் கொண்டு பின்னங்களைக் கற்பித்தேன். "பள்ளிக்கூடத்திலேயே சீட்டாடக் கற்றுக்கொடுக்கிறீங்களா, டீச்சர்?" என்று தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் தாய் ஒருவர் வருந்திக் கேட்டார். இதைத் தொடரலாமா?
- ஆசிரியை ஒருவர், கோத்தகிரி

பதில்: தொடருங்கள். ஆனால் அந்தத் தாயின் வருத்தத்தைத் தள்ளிவிடாதீர்கள். பணம் வைத்து ஆடும் சீட்டில் கூலி கரைவதைக் கண்ணால் கண்ட குடும்பங்களுக்கு அந்தச் சொல்லே வலிக்கும். ஆகவே கடையில் விற்கும் சீட்டுக்கட்டு ஆறாம் வகுப்புக்கு வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகைகளை ஒரே அளவாக வெட்டினால் நல்ல அட்டைகள் கிடைக்கும். மலை ஈரத்தில் மெல்லிய தாள் சுருண்டுவிடும் என்பதால் அவற்றை பிஸ்கட் டின்னில் போட்டு மூடி வையுங்கள். அந்தத் தாயையும் ஒரு நாள் அழைத்து, மகளோடு ஒரு சுற்று ஆடச் சொல்லுங்கள்.

அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, பாடக்கருத்தைப் பயன்படுத்தாமல் வெல்லவே முடியாதபடி ஆட்டம் அமைந்திருக்கிறதா என்பதுதான். சரியான விடை சொன்னால் ஓர் அட்டை என்பது பழைய வாய்மொழித் தேர்வேயன்றி ஆட்டமாகாது. குன்னூரில் நான் எடுத்த வகுப்பொன்றில், பெரிய பின்னத்தை வைத்திருப்பவர் இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆடவிட்டேன். எதிரில் 1/4 கிடக்க, ஒரு பையன் 1/8 அட்டையைப் போட்டுவிட்டு, எட்டு பெரியது என்று இரண்டையும் அள்ளப் போனான். எதிரில் இருந்த பெண் அவன் கையைப் பிடித்து, "ஒரு வர்க்கியை நாலு பேர் பங்கு போட்டா நிறைய கிடைக்குமா, எட்டுப் பேர் பங்கு போட்டா நிறைய கிடைக்குமா?" என்றாள். அவன் வெகுநேரம் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். அன்றிலிருந்து, அட்டையை எடுப்பவர் காரணம் சொல்லியே எடுக்க வேண்டும் என்று விதியை மாற்றினேன்.

அறிவியலுக்கு உங்கள் மலையே போதும். புல்வெளி, வரையாடு, புலி என்று அட்டைகளை வரிசையாக அடுக்கச் செய்யுங்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட சீகை மரம் புல்வெளிகளுக்குள் பரவியதை ஓர் அட்டையாக எழுதி வையுங்கள். அது விழுந்தவுடன் புல்வெளி அட்டையைக் கவிழ்க்க வேண்டும். மேய இடமற்ற வரையாடு அடுத்துக் கவிழும், அதன்பின் புலிக்கும் இரை குறையும். உணவுச் சங்கிலி அறுபடுவதைப் பிள்ளைகள் தம் கையாலேயே செய்து பார்ப்பார்கள். நாடும் தலைநகரமும் போன்ற ஜோடி சேர்க்கும் ஆட்டங்கள் மனப்பாடத்துக்கு உதவும். அதற்குமேல் அவற்றிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: பத்தாம் வகுப்பு நிகழ்தகவில் 52 சீட்டுகள் பற்றிய கணக்குகள் வருகின்றன. என் மாணவர்களில் பலர் சீட்டுக்கட்டைத் தொட்டதே இல்லை. என்ன செய்வது?
- கணக்கு ஆசிரியர், கொடைக்கானல்

பதில்: இங்கே உண்மையான சீட்டுக்கட்டையே மேசைமேல் வையுங்கள், ஐயா. பாடமே அதைப் பற்றியது என்பதால் ஒளிக்க வேண்டியதில்லை. நான்கு ராஜாக்களையும் பிரித்துக் காட்டி, பிறகு கலைத்து ஒன்றை எடுக்கச் சொன்னால் 4/52, அதாவது 1/13 என்பது அவர்களுக்குத் தானே விளங்கும். முதலில் வந்தது ராஜாவாக இருந்து, அதைத் திரும்பப் போடாமல் இரண்டாவதை எடுத்தால் 3/51 ஆகிவிடுகிறது. இந்த இடத்தில்தான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவதால், மீதியுள்ள சீட்டுகளை ஒருமுறையாவது எண்ண வையுங்கள். பிறகு ஒவ்வொரு குழுவும், எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுக் கலைத்து, 52 தடவை எடுத்துக் குறிக்கட்டும். ஒரு குழுவுக்கு ராஜா இரண்டு தடவை வரலாம், இன்னொன்றுக்கு ஆறு தடவை வரலாம். எல்லாக் குழுக்களின் எண்ணிக்கையையும் கரும்பலகையில் கூட்டிப் பார்த்தால், விகிதம் பெரும்பாலும் 1/13க்கு அருகில் வந்து நிற்கும்.