கஞ்சிக்கோட்டில் வேலை என்றால் வீடு எந்தப் பக்கம்?

கேள்வி: தென்காசி பக்கம் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருக்கிறேன். வயது 38. கைக்கு 17,500 ரூபாய் வருகிறது. சொந்த வீடு. மனைவி தையலில் மாதம் 7,000 வரை பார்க்கிறார். பாலக்காடு அருகே கஞ்சிக்கோட்டில் ஓர் இரும்பு ரோலிங் மில்லில் 28,000 தருகிறோம், மே மாதமே வந்து சேருங்கள் என்கிறார்கள். இங்கே எனக்கு ஜூலையில் 5 வருடம் முடிகிறது. பெண் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குப் போகப்போகிறாள், பையன் மூன்றாம் வகுப்பு. அங்கே வீட்டுக்கு 8,000 வாடகை சொல்கிறார்கள். குடும்பத்தோடு பாலக்காட்டுக்கே போய்விடலாமா?

பதில்: குடும்பத்தோடு இப்போது வேண்டாம். நீங்கள் மட்டும் போகலாம், அதுவும் கம்பெனி இரண்டு விஷயங்களுக்கு ஒத்துக்கொண்டால்தான். ஏன் என்பதைச் சம்பளக் கணக்கிலிருந்தே பார்த்துவிடலாம்.

28,000 என்று சொல்கிறார்கள். அது பிடித்தத்துக்கு முந்தைய சம்பளம் என்றே வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் 15,000 என்று போட்டால் பிஎஃப் 12 சதவீதம், அதாவது 1,800. தொழில் வரி மாதக் கணக்கில் சுமார் 200. கைக்கு 26,000 வரும். தனியாகத் தங்கினால் ஷேர் ரூமுக்கு 2,500, சாப்பாட்டுக்கு 5,000, மாதம் ஒரு தடவை ஊருக்கு வந்துபோக 1,000 என்று கையைக் கட்டித்தான் கணக்குப் போடுகிறோம். மீதி 17,500. இன்று நீங்கள் சொந்த வீட்டில் இருந்தபடி வாங்கும் அதே 17,500! குடும்பத்தோடு போனால் இன்னும் மோசம். 26,000-ல் வாடகை போக 18,000. மனைவியின் தையல் வாடிக்கையாளர்கள் தென்காசியோடு நின்றுவிடுவார்கள், புதிய ஊரில் ஆள் பிடிக்க ஒரு வருடமாவது ஆகும். இப்போது வீட்டுக்கு மொத்தம் 24,500 வருகிறது. அங்கே 18,000. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கழியும் 100 யூனிட் மின்சாரமும், டவுன் பஸ்ஸில் மனைவிக்குக் கட்டணமில்லாப் பயணமும் மாநில எல்லையான வாளையாரைத் தாண்டினால் கிடையாது. அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

28,000 என்பது ‘சிடிசி’, அதாவது உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு என்றால் கம்பெனி கட்டும் பிஎஃப் பங்கையும் அதற்குள்ளேயே அடக்கியிருப்பார்கள். கைக்கு வருவதில் இன்னொரு 1,800 குறையும். போனில் கேட்டால் “எல்லாம் சேர்த்துத்தான்” என்பார்கள். எதெல்லாம் சேர்த்து என்று எழுத்தில் வாங்குங்கள்.

அதைவிடப் பெரிய கேள்வி, இந்த 28,000 எட்டு மணி நேரத்துக்கா, பன்னிரண்டு மணி நேரத்துக்கா என்பது. ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்பது சட்டம். எட்டு மணி நேரத்துக்கு மேல் நான்கு மணி நேரம் நின்றால், அந்த நான்கும் எட்டாகக் கணக்காக வேண்டும். ஆக 12 மணி நேர ஷிப்டுக்கு 28,000 என்று யாராவது சொன்னால், உங்கள் எட்டு மணி நேர வேலைக்கு அவர் போடும் மதிப்பு 14,000 தான். கான்ட்ராக்டர் வழியாக ஆள் எடுக்கும் இடங்களில் இந்தச் சுருட்டல் சாதாரணம்.

நாங்கள் சொன்ன இரண்டு விஷயங்கள் இவை. ஒன்று, வேலை கம்பெனியின் சொந்த ரோலில், அதாவது அவர்களின் ஆள் பட்டியலில் இருக்க வேண்டும், கான்ட்ராக்டர் பெயரில் கூடாது. இன்னொன்று, தங்குமிடம் கம்பெனி பொறுப்பு, இல்லையென்றால் சம்பளத்தை 32,000, 33,000-க்கு ஏற்ற வேண்டும். இரண்டில் ஒன்று நடக்காவிட்டாலும் தென்காசியிலேயே இருங்கள். மலையைத் தாண்டிப் போய் அதே 17,500-ஐ மிச்சம் பிடிப்பதில் என்ன லாபம்?

இஎஸ்ஐ எனும் தொழிலாளர் காப்பீட்டு விஷயத்தையும் கவனியுங்கள். அதற்கான சம்பள வரம்பு 21,000. இப்போது நீங்கள் அதற்குள் இருக்கிறீர்கள், குடும்பம் முழுவதற்கும் வைத்தியம் நடக்கிறது. புதிய இடத்தில் 28,000-ஐயும் சம்பளமாகவே காட்டினால் முதல் நாளே இஎஸ்ஐக்கு வெளியே. கம்பெனி குரூப் இன்ஷூரன்ஸ் வைத்திருக்கிறதா, அதில் மனைவி மக்கள் சேர்வார்களா என்று கேளுங்கள். ரோலிங் மில்லில் ரோல் மாற்றும்போதும் கியர்பாக்ஸைத் திறக்கும்போதும் கை விரலுக்கு உத்தரவாதம் இல்லை என்பதை ஃபிட்டரான உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

வேலை நேரமும் நூற்பாலை மாதிரி இருக்காது. கேரளத்தில் உயர் அழுத்த மின் இணைப்பு வைத்திருக்கும் ஆலைகளுக்கு மாலை 6 முதல் 10 வரை கட்டணம் அதிகம், இரவு 10 முதல் காலை 6 வரை குறைவு. இரும்பு உருக்கும் தொழிலில் கரண்ட் பில்தான் உயிர்நாடி. ஆகவே உலையை இரவில் முழு மூச்சாக ஓட்டி, பராமரிப்பை மாலையில் வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். மெயின்டனன்ஸ்காரருக்கு மாலை வேலை நிச்சயம், இரவில் போன் வருவதும் நிச்சயம். கூடவே மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். உலைப் பக்கம் அதற்கு மேல் எவ்வளவு என்பதை நின்று பார்த்தால்தான் தெரியும். காற்று மட்டும் உங்களுக்குப் புதிதாக இராது. செங்கோட்டைக் கணவாய் வழியே சாரல் வருகிற மாதிரி அங்கே பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவமழை வரும், நவம்பரிலிருந்து கீழைக்காற்று வறண்டு அடிக்கும்.

இனி வீடு. எங்களிடம் இப்படிக் கேட்பவர்கள் எல்லோரும் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் வீடு பார்க்கிறார்கள். உங்கள் விஷயத்தில் வீட்டை முடிவு செய்ய வேண்டியது தொழிற்சாலை இல்லை, உங்கள் பெண்ணின் பள்ளிக்கூடம்.

அவள் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படிக்கிறாள். மருத்துவப் படிப்பில் 2020-லிருந்து இருக்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, அடுத்த வருடம் பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. அதற்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை இங்கே அரசுப் பள்ளிப் படிப்பைத்தான் பார்ப்பார்கள். நடுவில் இரண்டு வருடம் கேரளத்தில் படித்துவிட்டுத் திரும்பினாலும் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் தமிழ் வழிப் பள்ளிகள் உண்டே என்று சிலர் சொல்வார்கள். உண்டுதான், நல்ல பள்ளிகளும் இருக்கின்றன. ஆனால் அவை கேரளப் பாடத்திட்டத்துப் பள்ளிகள், இந்தக் கணக்கில் சேரா. 2017-ல் வந்த சட்டப்படி கேரளப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை மலையாளமும் கட்டாயம். மூன்றாம் வகுப்புப் பையன் ஆறே மாதத்தில் பிடித்துக்கொள்வான். எட்டாம் வகுப்பில் ‘அ’விலிருந்து ஆரம்பிப்பது பெண்ணுக்குச் சுமை.

சாதிச் சான்றிதழும் அப்படித்தான். தமிழ்நாட்டில் வாங்கிய சான்றிதழை வைத்துக் கேரள அரசின் ஒதுக்கீட்டில் இடம் கேட்க முடியாது. அதே பெயரில் அங்கே ஒரு சாதி பட்டியலில் இருந்தாலும் குடிபெயர்ந்தவருக்கு அது பொருந்தாது. மாற்றிக்கொண்டு போனால் இங்கே உள்ளதை விட்டுவிட்டு, அங்கே ஒன்றும் கிடைக்காமல் நிற்க நேரும்.

அதனால், வேலை நிலைத்துக் குடும்பத்தை அழைக்கும் நாள் வந்தால் எல்லைக்குக் கிழக்கே வீடு பாருங்கள். வாளையாருக்குச் சற்று முன்னால் கந்தேகவுண்டன்சாவடி. பஸ் கண்டக்டரிடம் கே.ஜி. சாவடி என்று சொல்லுங்கள். அங்கோ எட்டிமடையிலோ குடியிருந்தால் கஞ்சிக்கோட்டுக்கு பைக்கில் அரை மணி. போய்வர 30 கிலோமீட்டர் என்று வைத்தால் மாதம் 26 நாளைக்கு 780 கிலோமீட்டர், லிட்டருக்கு 45 கொடுக்கும் வண்டி 17, 18 லிட்டர் குடிக்கும். அந்தச் செலவுக்குப் பதிலாகப் பள்ளி, ரேஷன், சான்றிதழ் எல்லாம் தமிழ்நாட்டிலேயே நிற்கின்றன. ரேஷன் கார்டில் முகவரியை மட்டும் கோவை மாவட்டத்துக்கு மாற்றினால் போதும். கேரளத்தில் குடியிருந்தால் ஒரே நாடு ஒரே ரேஷன் வழியில் முன்னுரிமைக் கார்டுக்கு மட்டுமே தானியம் கிடைக்கும். சீனி, பருப்புக் கிடையாது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. வாளையார், கஞ்சிக்கோடு பகுதி காட்டை ஒட்டியது, யானை நடமாட்டம் உள்ளது. இந்தத் தடத்தில் ரயிலில் அடிபட்டு யானைகள் செத்திருக்கின்றன. இரவு 10 மணி ஷிப்டுக்கு நான்குவழிச் சாலையை விட்டுக் குறுக்குவழியில் பைக்கை விடாதீர்கள். மாலை ஷிப்ட் முடியும் நாட்களில் கம்பெனி வண்டி எல்லை வரை விடுமா என்று கேட்டுப் பாருங்கள். பாசஞ்சர் ரயில் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம், அதன் நேரமும் ஷிப்ட் நேரமும் ஒத்துவருவது அபூர்வம்.

முடிவெடுக்கும் முன் இரண்டு நாள் போய்ப் பாருங்கள். தென்காசியிலிருந்து பாலருவி எக்ஸ்பிரஸ் நேராகப் பாலக்காட்டுக்குப் போகிறது, கொல்லம், கோட்டயம், எர்ணாகுளம் என்று கேரளத்தைச் சுற்றிக்கொண்டு. அதிலேயே மாதாமாதம் ஊர் வருவதை நினைத்தால் 1,000 ரூபாய்க் கணக்கோடு ஒரு நாள் லீவும் சேரும். பாலக்காடு ஜங்ஷன் ஒலவக்கோட்டில் இருக்கிறது. கஞ்சிக்கோடு அங்கிருந்து கோவைப் பக்கமாகத் திரும்பி வர வேண்டிய இடம். அது சேர்ந்த ஊராட்சியின் பெயர் புதுச்சேரி. விலாசத்தில் அதைப் பார்த்துப் பாண்டிச்சேரி என்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.

காலை ஷிப்ட் மாறும் நேரத்துக்கு மில் கேட்டில் போய் நில்லுங்கள். வெளியே வருகிறவர்களிடம் மூன்றே கேள்வி: சம்பளம் எத்தனையாம் தேதி வருகிறது, பே ஸ்லிப்பில் யார் பெயர் இருக்கிறது, ஓவர்டைம் எப்படிப் போடுகிறார்கள். பாதிப் பேருக்குத் தமிழ் தெரியும், வடக்கத்திப் பையன்களிடம் கொஞ்சம் இந்தி வேண்டும். கேட்டில் ஒட்டியிருக்கும் மலையாள நோட்டீஸை யாரையாவது படிக்கச் சொல்லுங்கள். ‘கரார்’ என்று காதில் விழுந்தால் அது நம்மூர்க் கறார் இல்லை, கான்ட்ராக்ட். ‘அவதி’ என்றால் லீவு. “நாளெ அவதியாணு” என்று சூப்பர்வைசர் சொன்னால் பயப்பட வேண்டாம், வீட்டில் தூங்கலாம். போனஸ் தீபாவளிக்கு வராது, ஓணத்துக்கு வரும். ஆகஸ்ட், செப்டம்பரில் கையில் வாங்கியதைத் தீபாவளி வரை பத்திரமாக வைத்திருப்பது உங்கள் பாடு.

வண்டி, பிஎஃப் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். தமிழ்நாட்டு பைக்கை 12 மாதத்துக்கு மேல் கேரளத்திலேயே வைத்திருந்தால் தென்காசி ஆர்டிஓவில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்கி அங்கே மறுபதிவு செய்ய வேண்டும், வரியும் கட்ட வேண்டும். சாவடியில் குடியிருந்து போய்வந்தால் இந்தத் தொல்லை இல்லை. பிஎஃப் பணத்தை எடுக்காதீர்கள், வேலை மாறினாலும் மாறாத உங்கள் பிஎஃப் எண்ணான அதே யுஏஎன் எண்ணுக்கு மாற்றுங்கள். பழைய ஆலை விலகிய தேதியைப் பதியாமல் விட்டால் மாற்றம் அப்படியே நின்றுவிடும். கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து அந்தத் தேதியை நீங்களே ஆன்லைனில் போடலாம்.

எப்போது சேருவது? மே வேண்டாம். ஜூலையில் 5 வருடம் முடிந்தால் உங்களுக்குப் பணிக்கொடை உண்டு. அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வைத்தால் அதை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, 5 வருடத்துக்கு 34,615 ரூபாய். நாலு வருடம் 240 நாள் ஆனாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனால் அதைக் காட்டி ஆலையிடம் வாங்க நீங்கள் அலைய வேண்டியிருக்கும். இரண்டு மாதம் பொறுத்தால் அலைச்சலே இல்லை. ஆகஸ்டில் சேர்ந்தால், முழுப் பரீட்சை முடிகிற ஏப்ரலுக்குள் எட்டு மாதச் சம்பளச் சீட்டு கையில் இருக்கும். சொன்ன தேதியில் பணம் வருகிறதா, நிரந்தரம் செய்தார்களா என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். அவ்வளவும் சரியாக இருந்தால் சாவடியில் வீடு பாருங்கள், அதையும் ஏப்ரலிலேயே போய்ப் பாருங்கள். கிணறும் போரும் வற்றுகிற மாதம் அதுதான். ஆகஸ்டில் பார்த்தால் எல்லாக் கிணற்றிலும் தண்ணீர் இருக்கும்.