முற்றவெளியில் மரம் நடலாமா?

வணக்கம் ஐயா,
மகனோடு சேர்பியாவின் தலைநகர் பெல்கிரேட் போய் இரண்டு நாள் நின்றேன். பழைய கோட்டையை ஒட்டி கலெமெக்தான் என்றொரு பூங்கா. மரநிழல், வாங்குகள், கீழே சாவா ஆறு டான்யூபில் கலக்கிறது. நம்முடைய திருகோணமலை பிரட்றிக் கோட்டைக்கு முன்னாலும் இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே, அதை ஏன் ஒருவரும் பூங்காவாக்கவில்லை?
வாசகி, உப்புவெளி

அன்புள்ள அம்மா,

சும்மா கிடக்கிறது என்கிறீர்கள். அது சும்மா வந்த வெளியில்லை. தரைப்பக்கமிருந்து வருகிறவன் ஒளிந்துகொள்ள ஒரு பற்றையும் இருக்கக்கூடாது, பீரங்கிக்குக் கண் தெரியவேண்டும். அதற்காகக் கோட்டைக்காரர்கள் முன்பக்கத்தை மொட்டையாகவே வைத்திருந்தார்கள். கொழும்பின் காலிமுகத்திடலும் யாழ்ப்பாணத்து முற்றவெளியும் இப்படி வந்தவைதான். நீங்கள் பார்த்த பூங்காவின் பெயரிலேயே கதை இருக்கிறது: துருக்கிமொழியில் கலெ என்றால் கோட்டை, மெய்தான் என்றால் வெளி, அதுதான் அங்கே மெக்தான். நாங்கள் முற்றவெளி என்கிறோம், அவ்வளவுதான்.

அங்கே அது பூங்காவான கதை லேசானதில்லை. 1862இல் கோட்டைக்குள் இருந்த ஒட்டோமன் துருக்கியரின் படை பெல்கிரேட் ஊர் மேலேயே குண்டு பொழிந்தது. 1867இல் அந்த வெளியில் வைத்துத்தான் கோட்டையை சேர்பிய இளவரசர் மிஹைலோவிடம் ஒப்படைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 1869இல், பூங்கா வேலை தொடங்கியது. தங்களைக் குறிபார்த்த இடத்தில் சனம் மரம் நட்டது. நட ஒரு காரணம் இருந்தது.

நம்முடைய கணக்கு வேறு. கோணேசர் கோயிலை இடித்த கல்லில் போர்த்துக்கீசர் கட்டியது இந்தக் கோட்டை. 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1782இல் ஒரே வருடத்துக்குள் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மாறி மாறிப் பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர் மறுபடி வந்து உட்கார்ந்தார்கள். இன்றும் உள்ளே இராணுவம் இருக்கிறது. ஆனாலும் கோணேசரிடம் போகிறவர்கள் அர்ச்சனைத் தட்டோடு அந்தக் கோட்டை வாசலுக்குள்ளால்தான் நடக்கிறார்கள். இப்படியொரு கோட்டையைப் பெல்கிரேடோடு ஒப்பிட எனக்கு மனம் வரவில்லை. (பெல்கிரேடில் கோட்டைப் பக்கம் மிருகக்காட்சிசாலை இருக்கிறது. இங்கே கோட்டைக்குள் திரிகிற மான்களுக்குக் கூடு கிடையாது, ரவுனுக்குள் இறங்கிவந்து குப்பையில் பொலித்தீனைத் தின்கின்றன. பூங்காவைவிட அந்தக் குப்பைதான் அவசரம்.)

சரி, மரத்துக்கு வருகிறேன். பின்னேரத்தில் நம்முடைய முற்றவெளியில் கச்சான் சுருளோடு நின்றால், ஒரு பக்கம் பத்திரகாளி அம்பாள் கோயில் மணி, மறுபக்கம் கடற்காற்று, நடுவில் பொடியன்கள் நாலைந்து கிரிக்கெட் ஆட்டத்தை ஒன்றுக்குள் ஒன்று புகுத்தி விளையாடுகிறார்கள். யாருடைய பந்து யாருடையது என்று அவர்களுக்கு மட்டும் தெரியும். நடைபாதையும் பூப்பாத்தியும் போட்டால் முதலில் துரத்தப்படுவது அவர்கள்தான். பிறகு வேலி வரும், வேலிக்கு ரிக்கற் வரும்.

நிழல் இல்லை என்பது மட்டும் நியாயம். மத்தியானத்தில் அங்கே நிற்கமுடியாது. ஓரமாக நாலு வேம்பு வைக்கட்டும், நடுவைத் தொடவேண்டாம்.

அடுத்தமுறை கோயிலுக்கு வந்தால் கோட்டை வாசலில் கொஞ்சம் நின்று பாருங்கள், அம்மா. கல்லில் இரண்டு கயல்மீன் செதுக்கியிருக்கும், பக்கத்தில் தேய்ந்துபோன தமிழ் எழுத்து. வெயில் சாய்ந்த பிறகு போனால் நன்றாகத் தெரியும்.